நெட்டில் போட்டாச்சு, ஊருக்குச் சொன்னார்களா?

போன இதழில் கிராமசபை பற்றி நாலு வரி எழுதியிருந்தேன், அதைப் பிடித்துக்கொண்டு கேள்விகள் நிறைய வந்துவிட்டன. அதனால் இந்தத் தடவை சினிமா, ஆன்மிகம் எதுவும் இல்லை. அரசாங்கமும் இணையமும் மட்டும்தான். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருந்தார்கள், எல்லாருக்குமே ஊர் மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் பாடத்தில் 'திறந்த அரசு' என்று ஒரு பகுதி வருகிறது. வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், பட்டா எல்லாமே இப்போது ஆன்லைனில் கிடைக்கிறதே, அப்படியானால் நம்முடையது திறந்த அரசுதானே?
- கல்லூரி மாணவி, செல்லூர்

பதில்: இல்லை, தங்கச்சி. சான்றிதழ் ஆன்லைனில் கிடைப்பது நல்ல விஷயம், தாலுகா ஆபீஸ் வாசலில் நாள் முழுக்கக் காத்துக் கிடந்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அது நமக்குச் சேர வேண்டியதை அரசு சீக்கிரம் கொடுப்பது, அவ்வளவுதான். அரசு தன் கணக்கையும், எடுக்கப்போகும் முடிவையும், அதற்கான காரணத்தையும் நம் முன்னால் வைப்பது வேறு. அதைப் பார்த்துவிட்டு நாம் ஒன்று சொன்னால் அந்த முடிவு கொஞ்சமாவது அசையுமா என்பது அதற்கும் அடுத்த படி.

தேர்வுக்கு வேண்டுமானால் குறித்துக்கொள்ளுங்கள்: ஒபாமா பதவியேற்ற மறுநாள், 2009 ஜனவரி 21-ல், வெளிப்படைத்தன்மை, மக்கள் பங்கேற்பு, கூட்டுச் செயல்பாடு மூன்றும் அரசுக்கு வேண்டும் என்று ஒரு குறிப்பாணை போட்டார், அந்த மே மாதமே அமெரிக்க அரசுத் தரவுகளுக்கென்று தனி இணையதளம் வந்தது. நம் நாட்டில் 2012-ல் தரவுப் பகிர்வுக் கொள்கையும் அதற்கான தளமும் வந்தன. ஆனால் விஷயம் அமெரிக்காவில் பிறந்தது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். ராஜஸ்தானில் அருணா ராய், நிகில் தே, சங்கர் சிங் போன்றவர்கள் சேர்ந்து நடத்திய மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் 1994-லிருந்தே ஊர் நடுவில் பந்தல் போட்டு, பஞ்சாயத்தின் கூலிப் பட்டியலையும் பில்லையும் சத்தமாக வாசித்தது; செத்துப்போனவர் பெயரில் கூலி, கட்டாத சுவருக்குப் பில் எல்லாம் அந்தப் பந்தலில்தான் வெளியே வந்தன. தமிழ்நாடு 1997-லேயே தகவல் உரிமைக்கென ஒரு சட்டம் போட்டது. 2005-ல் நாடு முழுக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. அதன் நான்காவது பிரிவு, யாரும் கேட்காமலே அரசு அலுவலகங்கள் வெளியிட வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறது. அதைப் பாடப்புத்தகத்தில் அல்ல, சட்டத்திலேயே எடுத்துப் படியுங்கள், ரெண்டு பக்கம்தான்.

அப்புறம், போட்டிருப்பதும் எப்படிப் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். ஏதாவது ஒரு உள்ளாட்சியின் பட்ஜெட்டை இறக்கிப் பார்த்தால், சாய்வாக ஸ்கேன் செய்த பக்கங்கள், ஓரத்தில் ரப்பர் ஸ்டாம்ப், தேடினால் ஒரு எண்கூடச் சிக்காது. இன்னும் சில ஆவணங்கள் வானவில் எழுத்துருவில் அடித்தவை, காப்பி செய்து ஒட்டினால் ஆங்கிலக் கிறுக்கலாக வந்து விழும். இத்தனைக்கும், தமிழ் எழுத்தைக் கணினியில் ஏற்றுவதற்கான பொது முறைகளான யூனிகோடும் டேஸ்-16-ம்தான் தரம் என்று தமிழ்நாடு அரசு 2010-லேயே ஆணை போட்டாயிற்று. கணினி படிக்கிற மாதிரி, யாரும் இறக்கிப் பயன்படுத்துகிற மாதிரி, சுடச்சுட வெளியிட வேண்டும் என்று 2007-ல் கலிபோர்னியாவில் கூடிய ஆர்வலர்கள் எட்டுக் கொள்கைகளாக எழுதி வைத்தார்கள். நான் எட்டெல்லாம் கேட்கவில்லை, பட்ஜெட்டை ஒரு எக்செல் கோப்பாகப் போடட்டும், உங்கள் வகுப்பு மாணவிகளே ஒரே வாரத்தில் அதைப் பிரித்துப் போட்டு விடுவார்கள்.

கேள்வி: எங்க மலையை டங்ஸ்டனுக்கு ஏலம் விட்டபோது, 'எல்லாம் இணையதளத்தில் வெளிப்படையாகத்தான் நடந்தது' என்றார்கள். நெட்டில் இருந்தது எங்களுக்கு ஏன் தெரியவில்லை? அது எங்கள் தப்பா?
- விவசாயி, மேலூர் பக்கம்

பதில்: உங்கள் தப்பு துளியும் இல்லை, அண்ணே. இந்தக் கேள்விக்காகத்தான் இந்த இதழையே இப்படி ஒதுக்கினேன்.

நடந்ததை மற்ற ஊர் வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2023-ல் சுரங்கச் சட்டத்தைத் திருத்தி, முக்கியக் கனிமங்களை ஏலம் விடும் அதிகாரத்தை மத்திய அரசு தன்னிடம் எடுத்துக்கொண்டது. அப்படி ஏலத்துக்கு வந்ததில் ஒன்று 'நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி', சுமார் 2,015 எக்டேர், நம் கணக்கில் ஏறக்குறைய 5,000 ஏக்கர். அதற்குள் அரிட்டாபட்டியும் வருகிறது. சமணப் படுக்கையும் குடைவரைக் கோயிலும் இருக்கிற ஊர், 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்த ஊர். 2024 நவம்பர் 7-ல் ஏல முடிவு வந்தது. அதற்குப் பிறகுதான் ஊர்களுக்கே விஷயம் போய்ச் சேர்ந்தது. கிராமசபைகளில் தீர்மானம் போட்டார்கள், டிசம்பர் 9-ல் சட்டமன்றம் தீர்மானம் போட்டது, 2025 ஜனவரி 7-ல் மேலூர்ப் பக்கத்திலிருந்து தல்லாகுளம் வரை ஆயிரக்கணக்கில் ஜனங்கள் நடந்தே வந்தார்கள், ஜனவரி 23-ல் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

இப்போது கேள்விக்கு வருகிறேன். ஏல அறிவிப்பு இணையத்தில் இருந்தது உண்மைதான். ஆனால் அது யாருக்காக எழுதப்பட்டது? ஏலம் கேட்கிற கம்பெனிகளுக்காக. ஆங்கிலத்தில், தொகுதியின் பெயரும் எக்டேர் கணக்கும் அட்சரேகை தீர்க்கரேகையுமாக இருந்தால், 'என் கண்மாய் இதில் வருதா, என் நஞ்சை வருதா' என்று உங்கள் ஊர்க்காரர் எப்படித் தெரிந்துகொள்வார்? ஊர்க்காரர் எடுத்துப் படித்துப் புரிந்துகொள்கிற மாதிரி அது இல்லை. கம்பெனிக்கு வெளிப்படை, கண்மாய்ப் பாசனக்காரருக்கு இருட்டு, இப்படித்தான் அந்த அறிவிப்பு இருந்தது என்பது என் கருத்து.

இது வெறும் மனக்குறை இல்லை, சட்டமே நம் பக்கம் இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் நான்காவது பிரிவில் மூன்று இடங்களை உங்கள் ஊர் இளைஞர்கள் மனப்பாடமே செய்யலாம். பொதுமக்களைப் பாதிக்கிற முக்கியக் கொள்கைகளை உருவாக்கும்போதே, முடிவை அறிவிக்கும்போதே, அது சம்பந்தப்பட்ட எல்லா விவரத்தையும் வெளியிட வேண்டும் என்கிறது ஒரு இடம். பாதிக்கப்படுகிறவர்களுக்கு நிர்வாக முடிவின் காரணத்தைச் சொல்ல வேண்டும் என்கிறது அடுத்தது. மூன்றாவதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது: வட்டார மொழியில், அந்தப் பகுதிக்கு எது நன்றாகப் போய்ச் சேருமோ அந்த வழியில் சொல்ல வேண்டும் என்கிறது. 2005-லேயே எழுதி வைத்துவிட்டார்கள், அண்ணே! மேலூர் வட்டத்துக்கு எது நன்றாகப் போய்ச் சேரும்? மந்தையில் தண்டோரா, ஊராட்சி ஆபீஸ் பலகை, ரேஷன் கடைச் சுவர், எல்லார் போனிலும் ஓடுகிற வாட்ஸ்அப் குழு. ஒரு வரைபடத்தில் ஊர்ப் பெயரையும் கண்மாய்ப் பெயரையும் தமிழில் எழுதி இந்த நாலு வழியிலும் விட்டிருந்தால், விஷயம் ஒரே நாளில் ஊருக்குத் தெரிந்திருக்கும்.

இன்னொரு சம்பவமும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. 2020-ல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு வந்தபோது ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் போட்டுவிட்டு 'கருத்துச் சொல்லுங்கள்' என்றார்கள். வழக்குப் போனது. டெல்லி உயர் நீதிமன்றம் ஜூன் 30-ல், அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையிலுள்ள மொழிகளிலெல்லாம் மொழிபெயர்த்து வெளியிடுங்கள் என்று சொல்லி, கருத்துச் சொல்லும் கெடுவையும் ஆகஸ்ட் 11 வரை நீட்டியது. மொழி என்பது மரியாதைக்காகச் சேர்க்கிற அலங்காரம் இல்லை. புரியாத மொழியில் கருத்துக் கேட்டால் அது கேட்டதாகவே ஆகாது.

நடைப்பயணத்துக்கு ஆள் திரண்டதில் போனுக்கும் வாட்ஸ்அப்புக்கும் பெரிய பங்கு உண்டு என்று நீங்களே கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் போன் முடிவுக்குப் பிறகு போராட்டத்துக்கு உதவியது. முடிவுக்கு முன்னால் பேச்சுக்கு உதவியிருக்க வேண்டும், நான் கேட்பது அதைத்தான்.

கேள்வி: எங்கள் ஊராட்சிக்கு எவ்வளவு பணம் வந்தது, என்ன ஆனது என்று வீட்டிலிருந்தே பார்க்க முடியும் என்கிறான் என் பேரன். முடியுமா? பார்த்துவிட்டு நான் என்ன செய்ய?
- ஓய்வுபெற்ற ஆசிரியர், திருமங்கலம் பக்கத்துக் கிராமம்

பதில்: முடியும், ஐயா. இ-கிராம் ஸ்வராஜ் என்ற மத்திய அரசுத் தளம் 2020 ஏப்ரல் 24-ல் தொடங்கியது. பேரனை உட்கார வைத்து, மாநிலம், மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று வரிசையாகத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள், பிறகு ஆண்டு. ஊராட்சியின் ஆண்டுத் திட்டம், வரவு, செலவு, வேலைகள் எந்த நிலையில் இருக்கின்றன என்பதெல்லாம் வரும். பெரும்பாலும் மத்திய நிதிக்குழு மானியக் கணக்குதான் அதில் தெளிவாகத் தெரியும், ஊராட்சியின் மொத்த வரவே அதுதான் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 2021 முதல் 2026 வரையிலான பதினைந்தாவது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும்தான் செலவழிக்க வேண்டும், மீதி 40 சதவீதத்தை ஊர்த் தேவைக்கு ஏற்பச் செய்யலாம். இது தெரிந்திருந்தால் 'ஏன் ரோடு போடாமல் பைப் போட்டீர்கள்' என்ற சண்டை பாதி குறையும்.

ஆனால் அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் ஏமாற்றமாக இருக்கும், இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒரு வரியில் வேலையின் பெயர், ஒரு தொகை, ஒரு தேதி. 'பைப் லைன் விஸ்தரிப்பு' என்றிருக்கும், எந்தத் தெரு என்று இருக்காது. இதை முடிவாக எடுத்துக்கொள்ளாமல் கேள்வி கேட்பதற்கான முதல் துண்டாக எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வரியைக் குறித்துக்கொண்டு, அந்த வேலையின் எஸ்டிமேட் நகல், எம்-புக் நகல், பில் நகல் மூன்றையும் தகவல் உரிமையில் கேளுங்கள். எம்-புக்கில்தான் ஓவர்சீயர் அளந்த நீளம், அகலம், கனம் இருக்கும். நகல் கைக்கு வந்ததும் ஒரு டேப்பும் ரெண்டு பையன்களும் போதும், சிமென்ட் ரோட்டை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை நீங்களே அளந்துவிடலாம். நாற்பது வருடம் கரும்பலகையில் கணக்குப் போட்ட கைக்கு இது ஒரு வேலையே இல்லை. வேலை நடந்த இடத்தைப் பார்வையிடவும் பொருளின் மாதிரி எடுக்கவும்கூட அந்தச் சட்டத்தில் உரிமை இருக்கிறது.

அப்புறம் கிராமசபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு. நம் மாவட்டத்தில் 2025 ஜனவரியில் ஊராட்சித் தலைவர்கள் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் பொறுப்புக்கு வந்தபோது, 'தலைவர் இல்லையே, கிராமசபை எதற்கு' என்று சிலர் கேட்டார்கள். தலைவர் இல்லாத காலத்தில்தான் அது இன்னும் அவசியம். நெட்டில் பார்த்த தாளை அச்செடுத்துக்கொண்டு போங்கள், அமைதியாக வாசியுங்கள், 'இந்த வேலை எந்தத் தெருவில்' என்று மட்டும் கேளுங்கள். ஊர் பதில் சொல்லும். என்ன பேசினாலும் கடைசியில் அது தீர்மான நோட்டில் ஏறியதா என்று பார்த்துவிட்டு எழுந்திருங்கள், ஏறாத பேச்சு அந்த வெயிலோடு போய்விடும்.

ஒரு வேண்டுகோள். ஊராட்சி செயலாளரை எதிரியாக நினைத்துப் போகாதீர்கள். வீட்டு வரி, தண்ணீர் மோட்டார், தெரு விளக்கு, நூறு நாள் வேலை, மேலே இருந்து கேட்கிற ஆன்லைன் பதிவு அத்தனையும் அந்த ஒரு ஆள் தலையில். நீங்கள் உதவிக்கு வருகிறீர்கள் என்று தெரிந்தால் பாதி ஆவணம் மனு போடாமலே கிடைக்கும்.

கேள்வி: என் அம்மாவிடம் இருப்பது பட்டன் போன். நெட், ஆப் என்று நீங்கள் பேசுவதில் அவருக்கு என்ன இருக்கிறது?
- உசிலம்பட்டி

பதில்: அவருக்கு இல்லையென்றால் யாருக்கும் இல்லை என்றுதான் நான் சொல்வேன். தகவலை வெளியிடுவது என்றால் என்ன என்று தகவல் உரிமைச் சட்டம் விளக்கும்போது இணையத்தைப் பட்டியலின் கடைசியை ஒட்டித்தான் வைக்கிறது. அறிவிப்புப் பலகை, செய்தித்தாள், பொது அறிவிப்பு எல்லாம் அதற்கு முன்னால் வருகின்றன. ராஜஸ்தானில் 2019 செப்டம்பரில் தொடங்கிய ஜன் சூச்னா போர்ட்டலில் ரேஷன், ஓய்வூதியம், கூலி விவரங்களை ஊர் வாரியாக, வார்டு வாரியாகப் பார்க்கலாம். தளம் இருந்தால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூட அதைப் பார்த்துப் பாட்டிக்கு வாசித்துக் காட்டலாம் இல்லையா. உங்கள் ஊரில் அந்தப் பிள்ளையாக நீங்களே இருங்களேன்.

கேள்வி: எங்கள் தெருச் சாக்கடை அடைப்புக்கு ஆன்லைனில் புகார் போட்டேன். மூன்றாம் நாள் 'தங்கள் புகார் தீர்க்கப்பட்டது' என்று மெசேஜ் வந்தது. சாக்கடை அப்படியேதான் ஓடுகிறது. இதற்கு என்ன செய்வது?
- இல்லத்தரசி, ஊர்ப் பெயர் வேண்டாம் என்கிறார்

பதில்: அக்கா, இந்த மெசேஜ் வராத ஊரே இல்லை போலிருக்கிறது, அத்தனை கடிதம் இதே மாதிரி வந்திருக்கிறது. புகாரை முடித்தால்தான் மேலதிகாரி பார்க்கிற அட்டவணையில் எண் குறையும். சாக்கடையைச் சுத்தம் செய்வதும் எண்ணைக் குறைப்பதும் ரெண்டு தனித் தனி வேலையாகப் போய்விட்டது. பிரச்சினை எங்கே என்றால், முடிந்தது என்று சொல்லும் அதிகாரம் செய்தவரிடமே இருக்கிறது. பிரிட்டனில் 2007-ல் மைசொசைட்டி என்ற அமைப்பு தொடங்கிய ஃபிக்ஸ்மைஸ்ட்ரீட் தளத்தில், நீங்கள் குழி என்று புகார் போட்டால் அது எல்லார் கண்ணிலும் படுகிற வரைபடத்தில் ஏறும், நாலு வாரம் கழித்து 'சரியாகிவிட்டதா' என்று புகார் போட்டவரையே கேட்கும். இந்த ஒரு கேள்வியை நம் புகார்த் தளங்களில் சேர்க்க என்ன பெரிய செலவு ஆகிவிடும்?

அது வரும்வரை நீங்கள் செய்யக்கூடியது: புகார் எண், அந்த மெசேஜ், தேதி தெரிகிற மாதிரி சாக்கடையின் படம் மூன்றையும் எடுத்து வையுங்கள். ஒரு வெள்ளைத் தாளில் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமை மனு எழுதி 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டுங்கள். 'ஏன் செய்யவில்லை' என்று கேட்காதீர்கள், அதற்கு அவர்கள் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் இல்லை. ஆவணம் கேளுங்கள்: இந்த எண்ணுள்ள புகாரின் மேல் எடுத்த நடவடிக்கையின் பதிவு, இடத்தைப் பார்வையிட்ட தேதி, பார்வையிட்டவரின் பதவி, புகாரை முடித்து வைத்த குறிப்பின் நகல். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால், வந்தும் சரியில்லாவிட்டால், அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேலதிகாரியிடம் முதல் மேல்முறையீடு, அதற்கும் அசையவில்லை என்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். தகவல் தராமல் இழுக்கிற அலுவலருக்கு நாளுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை அபராதம் போட ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. பல நேரம் மனு போய்ச் சேர்ந்த வாரத்திலேயே ஜெட்டிங் வண்டி தெருவுக்கு வந்து நிற்கும்.

நகர்ப்புறத்துக்கும் பகுதி சபை என்று ஒன்று உண்டு, 2022 நவம்பர் 1-ல் தமிழ்நாட்டில் முதல்முறையாகக் கூடியது. மதுரை மாநகராட்சியை எடுத்துக்கொண்டால் 100 வார்டு, ஒவ்வொன்றுக்குள்ளும் பகுதி சபைகள். கிராமசபை தெரிந்த அளவுக்கு இது யாருக்கும் தெரியவில்லை. உங்கள் கவுன்சிலரிடம் அடுத்த கூட்டம் எப்போது என்று கேளுங்கள், நாலு பேராகப் போய்க் கேளுங்கள்.

கேள்வி: நான் ஐ.டி.யில் இருக்கிறேன். நண்பர்கள் சேர்ந்து மதுரைக்காக ஒரு ஆப் செய்யலாம் என்றிருக்கிறோம். எதைச் செய்யலாம்?
- கே.கே.நகர்

பதில்: ஆப் வேண்டாம் தம்பி, இப்போதைக்கு. உங்களுக்குத் தெரிந்திருக்காது, இணையத்தையும் அரசையும் கிராமத்தில் சேர்த்து வைக்கிற பெரிய சோதனை ஒன்று இதே மேலூர் வட்டத்தில் 2001 கடைசியில் தொடங்கியது. சென்னை ஐ.ஐ.டி., அமெரிக்காவின் எம்.ஐ.டி., ஹார்வர்டு, என்-லாக் கம்பெனி எல்லாம் சேர்ந்து, வயர் இல்லாத கார்டெக்ட் தொழில்நுட்பத்தில், ஊர் ஊராகக் கணினி மையம் வைத்தார்கள். ஊர்க்காரர் ஒருவரே அதை நடத்துவார். பிறப்புச் சான்றிதழுக்கும் வருமானச் சான்றிதழுக்கும் அங்கிருந்தே தாலுகா ஆபீசுக்கு மின்னஞ்சலில் விண்ணப்பம், கலெக்டருக்கு மனு, அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கண்ணின் படம். அந்தக் காலத்தில் உலகம் முழுக்க ஆய்வாளர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். சில வருடத்தில் பல மையங்கள் மூடிவிட்டன. அரசுச் சேவை நின்றுபோனதற்கு ஆய்வாளர்கள் சொன்ன முக்கியக் காரணம் கருவி கெட்டது இல்லை: ஆர்வமாக இருந்த அதிகாரிகள் மாறிப்போனார்கள், அடுத்து வந்தவர்களுக்கு அது தங்கள் வேலையாகத் தெரியவில்லை. ஒரு மனிதரின் ஆர்வத்தில் நின்றது, ஆபீஸ் நடைமுறையாக மாறவில்லை.

அதனால் ஆப் கட்டும் முன்னால், அது போய்ச் சேரும் மேசையில் யார் உட்கார்ந்திருக்கிறார், அவர் மாறினால் யார் பார்ப்பார் என்று கேளுங்கள். அதற்குப் பதில் இல்லையென்றால் வேறு நல்ல வேலை நிறைய இருக்கிறது. வானவில் எழுத்துருவில் கிடக்கிற ஆவணங்களை யூனிகோடுக்கு மாற்றுங்கள். ஸ்கேன் பட்ஜெட்டை அட்டவணையாக்கி வார்டு வாரியாகப் பிரியுங்கள். தமிழ்நாட்டு டெண்டர் தளத்தில் வருகிற மதுரை வேலைகளை எந்த வார்டு, எந்தத் தெரு என்று தமிழில் எழுதி அந்தந்தத் தெரு வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்புங்கள். யாரும் சேர்க்கலாம், திருத்தலாம் என்றிருக்கிற ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் இணைய வரைபடத்தில் கண்மாய்களையும் வரத்துக் கால்வாய்களையும் பெயரோடு குறியுங்கள், அடுத்த தடவை ஏதாவது ஒரு ஏலம் வந்தால் எந்த ஊர் என்று உடனே தெரியும். இதில் எதற்கும் முதலீடு வேண்டாம், சனிக்கிழமை சாயங்காலம் போதும்.

கேள்வி: உலகத்தில் எங்காவது மக்கள் கருத்தை நெட்டில் கேட்டு நிஜமாகவே சட்டம் மாற்றியிருக்கிறார்களா?
- திருப்பரங்குன்றம்

பதில்: தைவானில். 2015-ல் ஊபர் டாக்ஸி விவகாரம் அங்கே பெரிய சண்டை. டாக்ஸி ஓட்டுநர், பயணி, கம்பெனி, அரசு என்று எல்லாரையும் போலிஸ் என்ற மென்பொருளில் பேச வைத்தார்கள். (நம் போலீஸ் இல்லை, அதன் பெயர் அப்படி.) அதில் ஒரு கருத்தை எழுதலாம், மற்றவர் கருத்துக்குச் சரி, இல்லை, தெரியாது என்று சொல்லலாம், பதில் எழுத மட்டும் வழி கிடையாது. அதனால் சண்டை வளராது. எல்லாக் குழுவும் ஒத்துக்கொள்கிற கருத்து எது என்று அது தனியே எடுத்துக் காட்டும். அப்படி வந்தவற்றை வைத்து நேரலையில் பேசி, அடுத்த வருடம் விதிகளை அமைத்தார்கள். அந்த முயற்சியில் இருந்த ஆட்ரி டாங் 2016-ல் அமைச்சராகவே ஆனார்.

நம் ஷேர் ஆட்டோ விவகாரத்துக்கு இதைச் செய்து பார்க்கலாம் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. பெரியார் பஸ் ஸ்டாண்டில் நிற்கிற ஓட்டுநர், டவுன் பஸ் கிடைக்காத பூக்காரம்மா, கடைக்காரர், போக்குவரத்துக் காவலர் நாலு பேரும் எதில் ஒத்துப்போகிறார்கள் என்று இதுவரை யாரும் கேட்டதே இல்லை. இணையமே இல்லாமலும் இது நடந்திருக்கிறது, பிரேசிலின் போர்த்து அலெக்ரி நகரத்தில் 1989-லிருந்து பட்ஜெட்டின் ஒரு பகுதியை மக்களே கூடி முடிவு செய்தார்கள், பக்கத்துக் கேரளாவில் 1996-ல் மக்கள் திட்டம் என்று திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளிடமே கொடுத்தார்கள். பேசினால் கையில் பணமும் அதிகாரமும் வரும் என்று தெரிந்தால் ஜனங்கள் தானாக வருவார்கள்.

கேள்வி: தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டி இப்போது தகவல் உரிமை மனுக்களில் பெயர் தர மறுக்கிறார்கள். அந்தரங்கமும் வேண்டும், வெளிப்படையும் வேண்டும் என்றால் எப்படி?
- வழக்கறிஞர், ஒத்தக்கடை

பதில்: உங்களுக்கு நான் சட்டம் சொல்ல வேண்டியதில்லை, மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். முன்பு தகவல் உரிமைச் சட்டத்தின் எட்டாம் பிரிவில், பொதுப்பணிக்குச் சம்பந்தமில்லாத, அல்லது வெளியிட்டால் ஒருவரின் அந்தரங்கத்தில் தேவையில்லாமல் தலையிடுகிற சொந்த விவரம் என்றால்தான் மறுக்கலாம், அதிலும் பொதுநலன் பெரிதென்றால் தர வேண்டும் என்றிருந்தது. 2023-ன் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்த உட்பிரிவையே 'தனிநபர் தகவல்' என்று சுருக்கிவிட்டது. எனக்கு இது ரொம்பக் கவலை தருகிறது. ராஜஸ்தான் பந்தலில் வாசித்தார்களே, அந்தக் கூலிப் பட்டியல் முழுக்கப் பெயர்கள்தானே?

இன்னொரு பக்கம் பாருங்கள், 2023 ஜனவரியிலிருந்து நூறு நாள் வேலைக்குப் போகிறவர்களை ஒரு நாளைக்கு ரெண்டு தடவை போட்டோ எடுத்து ஆப்பில் ஏற்றுவது கட்டாயமானது. 2017-ல் சில அரசுத் தளங்களில் லட்சக்கணக்கான ஏழைகளின் ஆதார் எண்ணே பொதுவில் கிடந்தது. ஏழையின் முகமும் எண்ணும் நெட்டில் இருக்கலாம், காண்ட்ராக்டர் பில்லில் கையெழுத்துப் போட்டவரின் பெயர் மட்டும் அந்தரங்கமா? சம்பளம் வாங்கிக்கொண்டு, பொதுப் பணத்தில், பதவியின் பெயரால் ஒருவர் செய்தது பொது விவரம். ஒரு கிழவியின் வங்கிக் கணக்கு எண் அந்தரங்கம். இந்தக் கோடு பெரிய சட்டச் சிக்கல் என்று நான் நினைக்கவில்லை.

மனு எழுதுகிறவர்களுக்கு இப்போது உதவக்கூடியது தகவல் உரிமைச் சட்டத்தின் அதே எட்டாம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, அது இன்னும் இருக்கிறது: பாதுகாக்கப்படும் நலனைவிடப் பொதுநலன் பெரிது என்றால் தகவலைத் தரலாம். மனுவிலேயே அதைக் குறிப்பிட்டு, என்ன பொதுநலன் என்று ரெண்டு வரி எழுதிவிடுங்கள். ஆளின் பெயருக்குப் பதில் பதவியையும் கையெழுத்திட்ட தேதியையும் கேளுங்கள். பயனாளிகள் பட்டியல் வேண்டுமானால் கிராமசபையில் வாசிக்கச் சொல்லித் தீர்மானம் போடச் சொல்லுங்கள், அங்கே ஆதாரும் வேண்டாம், கணக்கு எண்ணும் வேண்டாம், பெயரும் தெருவும் சொன்னாலே வீடு வந்ததா இல்லையா என்று பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரே சொல்லிவிடுவார். நீங்கள் நடத்தும் மனுக்களில் இந்த இரண்டாம் உட்பிரிவுக்கு என்ன பதில் வருகிறது என்று எழுதுங்கள், அடுத்த இதழில் போடுகிறேன்.